என் கையெழுத்து என்னுடையது இல்லையாம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, குட்டி மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, துவைத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்கு இவள் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நாலு ஊர் சுற்றி வருவேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதோடு இந்தச் சங்கதியைச் சொல்லும்போது மறுமுனையில் நீ சும்மா இருந்தால் அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய அடி, இன்றைக்குத் திங்கட்கிழமை, இன்னும் காது கொய்யென்று இருக்கிறது. நேற்று டீயில் உப்பைப் போட்டு அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன், அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் குடித்திருக்கிறார், அவருக்கும் அதே நிலைமைதான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், செக்கிங் மேசையில் நின்று தையல் விட்டுப்போன சட்டைகளில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவின் உத்தியோகம்தான் தெரியுமே, அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், பழக்க தோஷத்தில் வீட்டுக்கு வந்தும் உங்கள் மூன்று பேர் மேலும் ஒட்டிக்கொண்டே இருந்தவள். போன் அடித்தது. குட்டியின் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் அம்மாள். "உங்க பொண்ணு உங்க கையெழுத்தைக் கள்ளத்தனமா போட்டிருக்கா, கையும் களவுமா பிடிச்சு உட்கார வெச்சிருக்கோம், உடனே வாங்க" என்கிறாள். ஒட்ட எடுத்த ஸ்டிக்கரை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டேன். அவள் கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்பதற்காக இல்லை, அது நமக்குத் தெரிந்த விஷயம்தானே, இத்தனை வருஷம் கழித்துப் போய் மாட்டிக்கொண்டாளே என்றுதான். எந்தக் காகிதத்தில் என்று கேட்டேன். பயிற்சி நிலையத்து விண்ணப்பத்தில் என்றாள். கையிலிருந்த சட்டை கீழே விழுந்துவிட்டது. ஏனென்றால் அதில் மட்டும் நான்தான், இந்தக் கையால்தான், போட்டேன்.

அந்த விண்ணப்பம் எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். கட்டட வரைபடம் கற்றுக்கொடுக்கிற அந்த நிலையத்தில் சேர வேண்டும் என்று குட்டி இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். நம் வீட்டுக் கழிவறையை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அளவு போட்டு வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று ரசிக்கிறார்கள், எனக்குத்தான் கூசுகிறது. ஒரு பள்ளிக்கு இரண்டே பேர்தான் எடுப்பார்கள், அதில் ஒருத்தியாக இவளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. பெற்றோர் கையெழுத்தைப் பள்ளி சரிபார்த்து முத்திரை குத்தி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பிள்ளையின் எதிர்காலமாச்சே, இதிலாவது தாயாக லட்சணமாக இருப்போம் என்று, கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, எழுதுகிற பேனாவாகத் தேடி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அதுதான் போலியாம்.

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது, சிரிக்காதே, இந்தக் கூத்துக்கு மூலபுருஷன் நீ. நீ எட்டாவது படிக்கும்போது நான் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கட்டோடு திரிந்தேனே, அப்போது உன் மதிப்பெண் அட்டை வந்தது. "நீயே போட்டுக்கோடா, எவ பார்க்கப் போறா" என்று திருவாய் மலர்ந்தவள் நான்தான். அந்த மாதம் பார்த்துப் பள்ளியில் புதிதாக மாதிரிக் கையெழுத்து அட்டை கேட்டார்கள், அதையும் நீதான் போட்டாய், கடைசியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி, அதன் கீழே இரண்டு புள்ளி, ஏதோ மந்திரி போடுகிற தோரணையில். கட்டைப் பிரித்தார்கள், ஆனால் கையெழுத்து அதிகாரம் மட்டும் என்னிடம் திரும்பி வரவேயில்லை. எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. நீ படிப்பு முடித்து ஊரைவிட்டுப் போகும்போது ஒன்பது வயசுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொக்கி போடப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போனாயே, நானும் அப்பாவும் அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தானே. சில வீடுகளில் மூத்தவன் இளையவளுக்குச் சைக்கிள் கொடுத்துவிட்டுப் போவான்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தலைமையாசிரியை அறை வாசலில் பெஞ்சில் குட்டி உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம், என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே இருப்பது யார் தெரியுமா, உன் ஒன்பதாம் வகுப்பு சாக்பீஸ் டீச்சர், பேசுகிறவன் மண்டையில் குறி தவறாமல் எறிவாரே, அவரேதான் இப்போது தலைமையாசிரியை. மேசை மேல் இரண்டு தடித்த கோப்பு, ஒன்று உன்னுடையது, ஒன்று அவளுடையது, நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பொதுவாக அந்த ஒரு கையெழுத்து அட்டைதான் என்பதால் இரண்டையும் எடுத்து வைத்திருந்தார்கள். "பாருங்கம்மா, உங்க கையெழுத்து எவ்வளவு கம்பீரமா இருக்கு. இதைப் பாருங்க, புழு நெளிஞ்ச மாதிரி. ஒரு தாயோட கையெழுத்தைப் போடறோமேன்னு கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா?" என்று என் கையெழுத்தை என்னிடமே காட்டுகிறார். புழு நெளிந்தது என்னுடையது. கம்பீரம் உன்னுடையது. நான் போட்டதுதாங்க இது என்றேன். அப்படியா, இந்தத் தாளில் ஒன்று போடுங்கள் என்றார். போட்டேன், அது அட்டையில் இருப்பது மாதிரியும் இல்லை, விண்ணப்பத்தில் இருப்பது மாதிரியும் இல்லை, மூன்றாவதாக ஒரு தினுசு. கிளார்க் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "மேடம், இவங்க அம்மாதானான்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமா" என்றாளே பார்க்கலாம். பெற்று, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பதினாறு வருஷம் தலை வாரிவிட்டவளைப் பார்த்து! அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அவர் எங்கேயோ ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் மேல் உட்கார்ந்து கம்பிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இந்தம்மா உங்கள் மனைவிதானா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, "ஏங்க, என்ன பண்ணிட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் யோசிக்க நேரம் கொடுங்கள் என்று சொல்லிக் குட்டியை இழுத்துக்கொண்டு வராந்தா கடைசியில் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் போனேன். அவள் நிதானமாகச் சொல்கிறாள், "அம்மா, நீ புது ஃபாரம் ஒண்ணு கேட்டு வாங்கு, அவங்க முன்னாடியே கொக்கியோட போடு, முடிஞ்சுபோச்சு. நான் சொல்லித் தரேன்." கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, நல்ல யோசனையாகத்தான் பட்டது. உன் அம்மா, நாற்பத்தெட்டு வயசு, ஒரு தொழிற்கூடத்தின் செக்கிங் மேசைக்குப் பொறுப்பானவள், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நோட்டை வைத்துக்கொண்டு தன் கையெழுத்தைப் போடப் பழகினாள். "வால் இன்னும் நீளம்மா. ஐயோ புள்ளி அங்க இல்ல, கீழ. பேனாவை எடுக்காம போடு. அண்ணன் எனக்கு ஒரே நாள்ல சொல்லிக் குடுத்தான், உனக்கு ஏன் வர மாட்டேங்குது" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். தண்ணீர் குடிக்க வந்த இரண்டு சின்னப் பெண்கள் இம்போசிஷன் எழுதுகிற ஆன்ட்டி என்று பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபது தடவை போட்டேன், ஒன்றுகூட ஒட்டவில்லை. அப்போது மணி பன்னிரண்டரை. குட்டி திடீரென்று நோட்டை மூடிவிட்டு, "விடும்மா, இதைப் பொய்யின்னு எழுதி நடத்தைச் சான்றிதழ்ல போட்டுடுவாங்க, வேற எங்கயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க, அவ்வளவுதானே" என்று சொல்லிக் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டாள். அந்த 'அவ்வளவுதானே' இருக்கிறதே, அது என்னை நேராக உள்ளே நடத்திக்கொண்டு போனது.

போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அட்டையில் இருப்பது நான் போட்டதில்லை, இந்தக் கோப்பில் எதுவுமே நான் போட்டதில்லை, நானே பிள்ளைகளைப் போடச் சொன்னேன், இந்த விண்ணப்பம் ஒன்றுதான் நிஜம். அப்புறம் டீச்சர் உன் கோப்பைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தார். உன் மதிப்பெண் அட்டைதான் இருக்கும் என்று நினைத்தேன், என் பேரில் லீவுக் கடிதம் கடிதமாக இருக்கிறதடா பாவி. எனக்கு மூன்று தடவை டைபாய்டு வந்திருக்கிறது, அதில் இரண்டு ஒரே வருஷத்தில். உன் அப்பா லிஃப்டிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து நீ கூட இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய், அன்றைக்கு ஏதோ பந்தயம் நடந்திருக்கும். "பிழைச்சு வந்தீங்களே, அதுவே பெரிசு" என்று கிளார்க் அம்மாள் குத்திக் காட்டினாள். அவமானத்தில் எனக்குச் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தாளைத் திருப்பியதும் டீச்சர் நிறுத்திவிட்டார். அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். "சரி, அதெல்லாம் போகட்டும். இதையாவது நீங்க எழுதினீங்க இல்லையா?" என்று என் பக்கம் தள்ளினார். ஒரு தடவைதான் படித்தேன், ஒரு வரி மறக்கவில்லை. டீச்சருக்கு வணக்கம், என் மகன் வகுப்பில் எழுந்து பதில் சொல்லாததற்குத் திமிர் காரணம் இல்லை, வீட்டில் நானும் அவன் அப்பாவும் இப்போது பேசிக்கொள்வதில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்து சுமந்து பள்ளிக்கு வந்து சேரும்போது அவனிடம் பேச்சு மிச்சம் இருப்பதில்லை, தப்பு எங்கள் பேரில், அவனை உட்கார்ந்தபடியே பதில் சொல்ல விடுங்கள், நின்றால் எல்லாரும் பார்க்கிறார்கள், இருக்கிற இரண்டு வார்த்தையும் போய்விடுகிறது, நான் எழுதியதாக அவனிடம் சொல்ல வேண்டாம். கீழே கொக்கி, இரண்டு புள்ளி.

அந்த வருஷம் எந்த வருஷம் என்று எனக்கா தெரியாது. சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் போடுவதா சமையலறைப் பக்கம் போடுவதா என்று ஆரம்பித்த சண்டை, மேசையில் தொடங்கி என் அண்ணன், உன் அப்பாவின் அக்கா வரைக்கும் போய், ஐந்து மாதம் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கப்பாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட கேளு, என்று எல்லாம் உன் வழியாகத்தான். இத்தனை வருஷமாக நான் இதை வேலை செய்கிற இடத்தில் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் அப்போது ஒரு தபால்காரன் இருந்தான், பதினாலு வயசு, சம்பளம் கிடையாது என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே ஐந்து மாதத்தில்தான் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொண்டேன், என் பையன் தங்கம், அந்த வயசில் மற்றதுகள் எல்லாம் என்ன ஆட்டம் ஆடுகின்றன, இவன் வாயைத் திறப்பதில்லை, தான் உண்டு தன் புத்தகம் உண்டு என்று. வளர்கிற பிள்ளை சத்தம் போட்டால் திமிர், போடாவிட்டால் நல்ல வளர்ப்பு, அப்படித்தான் நான் தரம் பிரித்தேன். துணியில் நூல் அளவு விட்டுப்போனால் என் கண்ணுக்குத் தப்பாது.

இனிமேல் சொல்லப் போவதுதான் உன்னிடம் சொல்லவே கூசுவது. டீச்சர் கேட்டதற்கு நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆமாங்க, இது மட்டும் நான்தான் எழுதினேன் என்று. வாசலில் குட்டி நிற்கிறாள், மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, இந்த ஒன்றாவது என்னைத் தாயாகக் காட்டுமே, விண்ணப்பம் போய்விடுமே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதைப் படிச்சதுக்கு அப்புறம் என் வகுப்புல ஒரு பிள்ளையையும் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டதில்லைங்க. இப்ப இந்தப் பள்ளிக்கூடத்துலயே யாரும் கேக்கறதில்லை. ஒரு அம்மா தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டு எழுதி நான் பார்த்த ஒரே லெட்டர் இது" என்றார். சாக்பீஸ் டீச்சரின் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கை என் கையில் இருந்தது, என்னால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. இல்லீங்க டீச்சர், அவனேதான் எழுதியிருக்கான், அவனுக்காக அவனே எழுதிக்கிட்டான், நான் இப்பத்தான் படிக்கிறேன் என்றேன். அவர் கையை விட்டார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்தார், இந்தத் தடவை ரொம்ப நேரம். நான் முடிந்தது என்றே நினைத்தேன், குட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் கிளார்க் அம்மாளைக் கூப்பிட்டு, பழைய அட்டையைக் கிழிக்கச் சொல்லி, புது அட்டை எடுத்து, "இப்ப பொய் சொல்லித் தப்பிச்சுட்டு அப்புறம் நிஜத்தைச் சொன்னீங்களே, அந்தக் கையால போடுங்க" என்றார். புழு நெளிந்தது. சாட்சிக்கு அப்பா வேண்டுமென்று காத்திருந்தோம், மூன்றரைக்கு மசகுக் கையோடு ஓடி வந்து போட்டார், அட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் கறையும் இலவசமாக. முத்திரை குத்தும்போது மூன்றே முக்கால். விண்ணப்பம் போய்விட்டது. தண்டனை உண்டு, குட்டி இந்த ஏழு வருஷத்தில் தான் போட்டதை எல்லாம் பட்டியல் எழுதித் தர வேண்டும், நான் இந்த வருஷம் முடியும்வரை வாரா வாரம் நேரில் போய்க் கிளார்க் அம்மாள் முன்னால் அவள் டைரியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தம்மாள் இப்போதே என்னைப் பார்த்து லேட் என்கிறாள்.

கடிதத்தைக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், டீச்சர் தரவில்லை. "இது எனக்கு எழுதினதும்மா" என்று உறையில் போட்டு உள்ளே வைத்துவிட்டார். அப்பாவுக்குப் படிக்க மட்டும் கொடுத்தார். அவர் நின்றபடியே படித்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கும் அவருக்கும் நடுவில் குட்டி. அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, "உங்கம்மாவை ஏதாவது சாப்பிட்டாளான்னு கேளு" என்றார். குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பையை மாட்டிக்கொண்டு நாலு அடி தள்ளிப்போய் நின்றுகொண்டு, "பக்கத்துலதானே நிக்கறாங்க, நீங்களே கேளுங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சண்டை தீர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, எங்களுக்கு இந்தப் பழக்கம் மட்டும் போகவேயில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு என்றேன். நீ அத்தனை தூரத்திலிருந்து போனைப் போட்டு, அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் சொன்னாய். சொல்லிவிட்டு என்னிடம் திரும்ப வந்து, நாளைக்குப் பார்க்கிறாராம்மா என்று பதிலும் கொடுத்தாய்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை, ஏண்டா சொல்லவில்லை என்று கேட்கவும் மாட்டேன், யாரிடம் சொல்லியிருப்பாய். நீ என் பேரில் எழுதிய அம்மா என்னைவிட ரொம்ப நல்லவள், அவள் மேல் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்தில் அது நன்றாக இல்லை, ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும். நீ நூறு வயசு நன்றாக இரு, நினைத்தது நடக்கட்டும், உன்னைக் கேட்காமல் உன் தோளில் யாரும் எதையும் ஏற்றாமல் இருக்கட்டும். ஒரே ஒரு ஞாபகம் வைத்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நானோ அப்பாவோ 'அவங்ககிட்ட சொல்லிடு' என்று ஆரம்பித்தால் பட்டென்று வைத்துவிடு, மரியாதை பார்க்காதே. உன் விஷயம் ஏதாவது இருந்தால் மட்டும் பேசு, நல்லதோ கெட்டதோ, ஒரு மணி நேரமானாலும் கேட்கிறேன். நடுவில் பேச மாட்டேன் என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன், என்னை உனக்குத் தெரியும். வாயில் துணியை வைத்துக்கொண்டாவது உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா